‘கவுன்சலிங் ஃப்ரீ!’ பில் யாருக்கு?

பிளஸ் டூ முடித்த கையோடு வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டியவர் யார்? கழக்கூட்டத்தை முன்வைத்து ஓர் அலசல்

மே மாதக் கடைசியில் எந்த நாள் போனாலும் காணக்கூடிய காட்சி இது. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் சந்திப்பு. தலைக்கு மேலே தேசிய நெடுஞ்சாலையின் உயர்மட்டப் பாலம். கீழே டெக்னோபார்க் வண்டிகளும் கொல்லம் போகும் பஸ்களும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நிற்கின்றன. பக்கத்து மாடிப்படி ஏறினால் ஏசி அறை. சுவரில் யூனியன் ஜாக், மேப்பிள் இலை, கங்காரு. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மார்க் ஷீட், ஆதார், புதிதாக எடுத்த பாஸ்போர்ட். “மக்கா, சார் சொல்லுறத நல்லா கேளு” என்று மகளை முன்நாற்காலியில் உட்கார வைக்கிறார். “ஒரு பைசா தர வேண்டாம் சாரே, கவுன்சலிங் ஃப்ரீ” என்கிறார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இளைஞர். அரை மணியில் நாடு முடிவாகிறது. முக்கால் மணியில் கல்லூரி. பெண்ணுக்கு எதைப் படிக்க ஆசை என்ற பேச்சு வருவதற்குள், செப்டம்பரில் சேர முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு வந்துவிடுகிறது.

இதே காட்சியை நாகர்கோவிலிலும் கோவையிலும் கோட்டயத்திலும் பார்க்கலாம். கழக்கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா இங்கேதான் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் கூப்பிடு தூரம். 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி இந்த ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது அந்தப் பள்ளியின் நோக்கம். ஆறாம் வகுப்பிலிருந்தே தேர்வு, உடல்தகுதி, நேர்காணல் என்று ஆசிரியர்கள் கூடவே நடக்கிறார்கள். ஒரு பள்ளி நினைத்தால் பதினேழு வயதுப் பிள்ளையை ஒரு குறிக்கோளின் வாசல்வரை கொண்டுபோய் விட முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் படிப்பு என்று வந்தால், அந்த வேலை மாடிப்படிக்கு மேலே போய்விடுகிறது. அதை மீண்டும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எண்கள் பேசுகின்றன

கேரளப் புலம்பெயர்வு ஆய்வு 2023-இன்படி, கேரளத்திலிருந்து வெளிநாடு சென்ற மாணவர்கள் சுமார் 2.5 லட்சம். 2018-இல் இது சுமார் 1.3 லட்சம். ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பு.

புலம்பெயர்ந்தோரில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மேல் மாணவர்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள்.

அதிகம் பேர் போகும் நாடு: பிரிட்டன்.

காசு எங்கிருந்து வருகிறது?

இலவசம் என்ற சொல்லில் பொய் இல்லை. வந்தவரிடம் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. பணம் தருவது மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக் கல்வி நிறுவனம். முதலாண்டுக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை கமிஷன் என்பது இத்தொழிலில் சாதாரணம். ஆண்டுக் கட்டணம் 16,000 பவுண்டு என்றும் கமிஷன் 15 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் 2,400 பவுண்டு; நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் ஆலோசனை சொல்பவரின் வருமானம் ‘எந்தக் கல்லூரி’ என்ற பதிலைப் பொறுத்து மாறுகிறபோது, அது ஆலோசனையா விற்பனையா என்று கேட்கத்தான் வேண்டும். அமெரிக்கா இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டது. மத்திய அரசின் நிதியுதவி பெறும் கல்லூரிகள், சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று ஆள்பிடிப்பவருக்குக் கமிஷன் தரக்கூடாது என 1992-இலேயே உயர்கல்விச் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். விதிவிலக்கு ஒன்றும் வைத்தார்கள்: வெளிநாட்டு மாணவர்கள். தன் பிள்ளைக்கு ஆகாது என்று தடுத்ததை நம் பிள்ளைக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறது அந்தச் சட்டம்.

கமிஷன் தராத கல்லூரி பேச்சிலேயே வராது என்பது இதன் அடுத்த பக்கம். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஹார்வர்டும் எம்ஐடியும் முகவர் வைத்து ஆள் சேர்ப்பதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் ஏது? ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இந்திய பிளஸ் டூ மட்டும் பொதுவாகப் போதாது. அங்கே ‘ஸ்டூடியன்கொல்லெக்’ என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும், அல்லது இங்கே ஓராண்டு கல்லூரியில் படித்துவிட்டுப் போக வேண்டும், அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். நல்ல ஜெர்மன் மொழியறிவும் வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி அனுப்புகிறவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதனால் ஜெர்மனி என்று கேட்டு வரும் பிள்ளை, கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் பக்கம் திருப்பிவிடப்படுவதில் வியப்பில்லை.

வஞ்சிக்கும் காலண்டர்

கமிஷனை எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய வில்லனை யாரும் பேசுவதில்லை. காலண்டர்தான் அது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு விண்ணப்பம் முடிவது, சேர்வதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15. மற்ற படிப்புகளுக்கு ஜனவரி. அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஜனவரி முதல் வாரம். நம் பள்ளி ஆண்டோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஜூனில் பிளஸ் டூ வகுப்பு தொடங்குகிறது. ஓணப் பரீட்சை முடிந்து விடுமுறைச் சோம்பல் கலைவதற்குள் அக்டோபர் வந்துவிடும். ஜனவரி 1 கெடு என்றால், தலைமையாசிரியரின் முத்திரை தேவைப்படும் வாரத்தில் பள்ளி அலுவலகம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும்.

ஆக, மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு வெளிநாட்டைப் பற்றி யோசிக்கும் வீட்டுக்குப் பெரும்பாலான நல்ல வாசல்கள் ஏற்கெனவே சாத்தப்பட்டுவிட்டன. உதவித்தொகைக்கான கெடுக்கள் அதற்கும் முன்பே தீர்ந்திருக்கும். அந்த மாதத்தில் திறந்திருப்பவை இடம் நிரம்பாத கல்லூரிகள். இடம் நிரம்பாததால்தான் அவை முகவருக்குத் தாராளமாகக் கொடுக்கின்றன. மாடி அறையில் இருக்கும் இளைஞர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மே மாதத்தில் காட்டக்கூடிய பட்டியல் அவ்வளவுதான். இதை மாற்ற வேண்டுமானால் பேச்சு பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும். பிளஸ் ஒன்னில் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர்தான்.

பள்ளியின் கையெழுத்து

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தாள்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் பள்ளி தர வேண்டியவை. பிரிட்டனின் பொது விண்ணப்பமான யூகாஸில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர் எழுதும் பகுதி 4,000 எழுத்துகள். கூடவே ஆசிரியரின் பரிந்துரையும், பிளஸ் டூவில் எவ்வளவு எடுப்பார் என்று பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும் வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் அமெரிக்காவின் காமன் ஆப்பில் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை. அதோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் வரலாறு, பள்ளி அறிக்கை, பள்ளியைப் பற்றிய அறிமுகத் தாள், ஆலோசகர் கடிதம், ஆசிரியர் கடிதங்கள். கட்டணம் லட்சக்கணக்கில் வாங்கும் சர்வதேசப் பள்ளிகளில் இதற்கென்றே முழுநேர ஆலோசகர் உண்டு. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ இந்தத் தாளை நீட்டினால், முதலில் கிடைப்பது ஒரு புருவ உயர்த்தல், பிறகு, “நன்னடத்தைச் சான்றிதழ் போதாதா?” என்ற கேள்வி.

நன்னடத்தைச் சான்றிதழ் ஏன் போதாது? கேரள எஸ்எஸ்எல்சி சான்றிதழில் மதிப்பெண் இருக்காது, கிரேடுதான். 2024-இல் தேர்ச்சி 99.69 சதவீதம், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் மட்டும் 71,831 பேர். எங்கோ எடின்பரோவிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து இந்தச் சான்றிதழைப் பார்க்கும் அதிகாரிக்கு, எழுபதாயிரம் ஏ பிளஸ்களில் இந்தப் பெண்ணை மட்டும் எப்படி அடையாளம் தெரியும்? பௌதிக லேபில் கருவி பழுதானால் அவளே பிரித்துச் சரிசெய்வாள் என்றோ, அப்பாவின் கடையைக் கவனித்துக்கொண்டே முதல் மதிப்பெண் எடுக்கிறாள் என்றோ ஓர் ஆசிரியர் எழுதும் இரண்டு வரி, அந்த இடத்தில் இன்னொரு ஏ பிளஸ்ஸைவிடக் கனமானது. “இம்மாணவி கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்” என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதிய கடிதம், எழுதாததற்குச் சமம். குறிப்பான அந்த இரண்டு வரியை எந்த முகவராலும் எழுத முடியாது. அவருக்கு அந்தப் பெண்ணை முக்கால் மணி நேரம்தான் தெரியும். அவர் எழுதிக் கொடுத்து ஆசிரியர் பெயரைப் போட்டால் அது மோசடி. மாணவரின் கட்டுரைக்கும் இதே கதிதான். ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை யூகாஸ் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது.

தப்பான வாசலின் விலை

வழிகாட்டல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். மாணவ விசா விதி ஒன்றைப் பாருங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு படிப்பவர் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். பட்டப்படிப்புக்குக் கீழான ‘ஃபவுண்டேஷன்’ வகுப்பில் சேர்ந்தவருக்குப் பத்தே மணி நேரம். ‘பார்ட் டைம் வேலை செய்து சமாளிச்சுக்கலாம்’ என்று போன பிள்ளை, அங்கே இறங்கிய பிறகு கணக்கில் பாதி காணாமல் போனதைப் பார்க்கிறது. கனடாவில் இன்னும் கடுமை. அங்கே வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 10,000 டாலராக இருந்தது, 2024 ஜனவரியில் 20,635 ஆனது. பிறகு மேலும் ஏறியது. அரசுக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரி உரிமம் வாங்கி நடத்தும் வகுப்புகளில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் வேலை அனுமதி கிடையாது. சான்றிதழில் அரசுக் கல்லூரியின் பெயர் இருக்கும், வேலை அனுமதி இருக்காது. இந்த நுணுக்கம் தெரியாமல் சேர்ந்த பிள்ளை முழுக் கட்டணமும் கட்டிய பிறகுதான் உண்மையைக் கண்டுகொள்ளும். பஞ்சாபிலிருந்து கனடா போன மாணவர் பலருக்கு, தங்கள் அனுமதிக் கடிதமே போலி என்பது நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது. 2023-இல் அது பெரிய செய்தியானது; அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது.

நம் வீடுகளில் பிளஸ் டூ முடித்து மருத்துவத்துக்குப் போகிறவர்களும் பலர். 2021-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக்கூடாது, ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் ஓராண்டு பயிற்சி முடித்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் திரும்பி வந்து எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர். மாடி அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு இருக்கும். இந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது வீட்டுப் பத்திரத்தில். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பிணை கேட்பார்கள். மூன்றாண்டு பிரிட்டிஷ் பட்டத்துக்கு ஏழரை லட்சம் முதலாண்டுக்கே காணாது. எனவே ஐந்து சென்ட் நிலமும் அதன் மேலுள்ள வீடும் வங்கிக்குப் போகின்றன. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். அதற்குள் அங்கே வேலை கிடைத்தாக வேண்டும். பிரிட்டனோ பட்டம் முடித்தபின் தங்கும் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கிறது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது அமலாகிறது. இன்று பிளஸ் டூ முடித்துச் சேரும் பிள்ளைக்குப் பொருந்தப் போவது இந்தப் புதிய கணக்கே.

கேட்க ஆளில்லை

வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிக்க ஆள் அனுப்பும் முகவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

பஞ்சாப் 2012-இல் இயற்றிய சட்டம் கல்வி ஆலோசகர்களையும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி நிலையங்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது.

ஆஸ்திரேலியக் கல்வி நிறுவனங்கள் தங்கள் முகவர் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

‘அரசுச் செலவில் ஏற்றுமதியா?’

இப்படி ஒரு கேள்வி வரும் என்பது தெரிந்ததே. நம் வரிப்பணத்தில் படித்த பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நம் ஆசிரியரே மெனக்கெட வேண்டுமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேரளக் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கும் காலம் இது. ஆனால் பள்ளி உதவாவிட்டால் பிள்ளைகள் போகமாட்டார்கள் என்பது தவறான ஊகம். ஐந்தாண்டில் இரட்டிப்பானது பள்ளிகளின் உதவியால் நடந்ததல்ல. போகிறவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தெரிந்து போகிறாரா, தெரியாமல் போகிறாரா என்பதில்தான் நாம் ஏதாவது செய்ய முடியும். உண்மையில், கமிஷன் வாங்காத ஆசிரியர் ஒருவர் மட்டுமே “உனக்கு இப்போது வேண்டாம், இங்கே பட்டம் முடித்துவிட்டு முதுநிலைக்குப் போ” என்று சொல்லக்கூடியவர். 2023-24-இல் அமெரிக்காவில் இருந்த 3.31 லட்சம் இந்திய மாணவர்களில் இளநிலை படித்தவர்கள் சுமார் 36,000 பேர்தான். பட்டம் முடித்துப் போவதே நம்மவர்களின் பெருவழி. துணிக்கடைக்காரரிடம் போய், ‘இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கலாமா, வேண்டாமா?’ என்று யாரும் கேட்பதில்லை. இந்த அறிவுரையையும் முகவரிடம் எதிர்பார்க்க முடியாது.

பணக்காரப் பிள்ளைகளின் கவலைக்கு அரசுப் பள்ளி ஏன் அல்லாட வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். நிலைமை நேர்மாறானது. பணம் உள்ளவர் தனி ஆலோசகரை வைத்துக்கொள்வார். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழக அரசு தரும் அயல்நாட்டு உதவித்தொகையும் முதுநிலைக்கும் முனைவர் ஆய்வுக்கும்தான். பிளஸ் டூ முடித்த ஏழைப் பிள்ளைக்குப் பெரிய வழி, அந்தந்தப் பல்கலைக்கழகம் தரும் உதவிதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழுத் தொகையையும் தருகின்றன. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் விண்ணப்பிக்கவே தெரியாததால் கிடைக்காமல் போவது வேறு, போட்டியில் தோற்பது வேறு. உழவூரில் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று, டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போன கே.ஆர்.நாராயணன், திரும்பும்போது அங்கே தன் பேராசிரியராக இருந்த லாஸ்கி நேருவுக்கு எழுதிய கடிதத்தோடு வந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். எல்லோரும் அப்படித் திரும்பமாட்டார்கள்தான். ஆனால் சரியான ஆசிரியரின் ஒரு கடிதம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது. அந்தத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம்தான் இன்றைய கேரளப் பல்கலைக்கழகம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. ஆசிரியர்கள் ஏற்கெனவே கணக்கெடுப்பு முதல் தேர்தல் வேலை வரை சுமக்கிறார்கள், இன்னொரு சுமையா? ஒவ்வொரு பள்ளியும் எல்லா நாட்டு விதிகளையும் படிக்க வேண்டும் என்றால் இது நடக்காது. நடக்கக்கூடிய அளவு சிறியது. கேரள மேல்நிலைக் கல்வியில் தொழில் வழிகாட்டுதலுக்கும் வளரிளம் பருவ ஆலோசனைக்கும் ஏற்கெனவே ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிகளில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரும் உண்டு. பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்று பாடவேளையைக் குறைத்துப் பயிற்சி கொடுத்தால் போதும். பள்ளி அறிமுகத் தாளை ஒருமுறை எழுதிவிட்டால் ஆண்டுதோறும் எண்களை மாற்றினால் ஆயிற்று. விசா விவரம், கட்டண விவரம் ஆகியவற்றுக்கு இலவசமாகக் கேட்க இடங்கள் உண்டு: சென்னையில் அமெரிக்க அரசின் எஜுகேஷன்யூஎஸ்ஏ மையம், ஜெர்மன் மொழிக்குத் திருவனந்தபுரத்தில் கோதே மையம், கேரள அரசின் ஒடெபெக் நிறுவனம். ஒடெபெக் அரசு நிறுவனம் என்றாலும் அதுவும் மாணவரைச் சேர்த்துவிடும் அமைப்புத்தான். அதனால் அது பள்ளி ஆசிரியருக்கு மாற்றாக முடியாது, துணையாகலாம். தமிழகத்தில் 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மாதிரிப் பள்ளிகளும் இந்தத் திசையில் ஓர் அடி வைத்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தைவான் பல்கலைக்கழகங்களுக்கு முழு உதவித்தொகையோடு போனார்கள். விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளுக்கும் கூடவே ஆள் இருந்தது. மாதிரிப் பள்ளியில் முடிந்தது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் முடியாததற்குக் காரணம், அங்கே ஆள் நியமிக்கவில்லை என்பதைத் தவிர வேறில்லை.

முகவர்களை மூடிவிட வேண்டியதில்லை. விசாத் தாள்களைச் சரிபார்ப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது, தங்க இடம் தேடுவது ஆகியவற்றில் அனுபவமுள்ள முகவர் உண்மையாகவே பயன்படுவார். எந்த நாடு, எந்தப் படிப்பு, போகவா வேண்டாமா என்ற முடிவு எடுத்த பிறகு அவரிடம் போனால் அவர் சேவகர்; முடிவெடுக்கவே அவரிடம் போனால் அவர் எஜமானர். பஞ்சாபைப் போல உரிமச் சட்டம் தென் மாநிலங்களிலும் வரட்டும். வாங்கும் கமிஷனை மாணவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதியை அதில் சேர்த்தால், ‘ஃப்ரீ’ போர்டுகள் பாதி தானாக இறங்கும்.

பணம் கட்டும் முன்

அந்த முகவரின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் பிள்ளையின் கையில் இருக்கட்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். மருத்துவம் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளோடு படிப்பின் மாதக் கணக்கை ஒப்பிடுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டு ஆசை இருந்தால், மே மாதம்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்பது, பத்து மதிப்பெண் தாள்களை இப்போதே பள்ளி முத்திரையோடு வாங்கி வையுங்கள். பிள்ளையை நன்கு அறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரை எழுத முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். யூகாஸின் முதல் கெடு அக்டோபர் 15, லண்டன் நேரம் மாலை 6 மணி. நம் கடிகாரத்தில் அது இரவு பத்தரை.